நீந்துகிறவளுக்கும் ஒரு வள்ளம் வேண்டும்

எம்மைச் சுற்றி நாலு பக்கமும் கடல். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று எந்தத் தீவில் இருந்தாலும், பெரியாஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ போவதென்றால் கடலைக் கடந்துதான் போக வேண்டும். ஆனால் இந்தத் தீவுகளில் வாழும் பெண்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

சமூகப் பணியாளராகச் சில வருடங்களாக இந்தத் தீவுகளுக்குப் போய் வருகிறேன். நான் பழகிய பெண்களில் நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். சின்ன வயதில் அண்ணன் தம்பிமாரோடு கரையில் குளித்தவர்கள் கூட, பெரியபிள்ளை ஆனதும் கடலை விட்டு விலக்கப்பட்டார்கள். பிறகு வலையிலிருந்து நண்டு கழற்றவும் கருவாடு காயப்போடவும் மட்டுமே கரைக்குப் போனார்கள்.

யுத்தம் வந்தபோது கடல் வேறொன்றாகிவிட்டது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி குமுதினிப் படகில் பயணம் செய்தவர்கள் கொல்லப்பட்டதை நெடுந்தீவில் யாரும் மறக்கவில்லை. 1990இல் வீடு வாசலை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் எத்தனை! இரவோடு இரவாக வள்ளமேறி இராமேஸ்வரம் போனவர்கள் எத்தனை பேர், போய்ச் சேராதவர்கள் எத்தனை பேர்! ஆகவே கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறோம், அதற்குள் இறங்குவதில்லை.

இப்படிப்பட்ட பெண்களோடு, கடலை நீந்திக் கடந்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. எங்கள் பெண்கள் குழு மாதம் ஒருமுறை கூடும். சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் முடிந்த பிறகு நான் ஏதாவது ஒரு விடயத்தைச் சொல்லுவேன். ஒரு மாதம் நெடுந்தூர நீச்சல்காரரைப் பற்றிச் சொன்னேன். அன்று அந்தப் பெண்கள் கேட்ட கேள்விகள்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

முதலில் எமது மண்ணின் கதையைச் சொன்னேன். 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து நீந்தத் தொடங்கி ஏறத்தாழ 27 மணித்தியாலங்களின் பின் இந்தியாவின் கோடியக்கரையை அடைந்தார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்தவர்களில் முதல்வர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அவருக்குப் பிறகு வந்தவர் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன். தொழிலால் சட்டத்தரணி. 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், மீண்டும் நீந்தியே தலைமன்னாருக்குத் திரும்பினார். எடுத்த நேரம் 51 மணித்தியாலம். அந்த நேரத்தைக் குறைக்க 50 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2021 ஏப்ரலில் ரொஷான் அபேசுந்தர என்ற இலங்கை வீரர் அதே தூரத்தை 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில் நீந்தி முடித்தார்.

ஆனந்தனின் சாதனைகள் கடலோடு நிற்கவில்லை. 1980இல் கொழும்பில் 33 மணித்தியாலம் ஒற்றைக் காலில் நின்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா சிரித்துவிட்டார்.

"முப்பத்திமூண்டு மணித்தியாலம் ஒத்தைக் காலிலையோ? நாங்கள் நிவாரணத்துக்கு நிண்ட நேரத்தை ஆரும் எழுதி வச்சிருந்தால், எங்கடை பேரும் அந்தப் புத்தகத்திலை வந்திருக்கும் பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த உண்மை எனக்கு விளங்கியது. தாங்குவது என்றால் என்ன என்று இந்தப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

அடுத்து ஓர் அக்கா கேட்டார்: "அந்த மனிசன் உப்பிடிக் கடல் கடலா நீந்தித் திரியேக்கை வீட்டை ஆர் பாத்தது?"

விளையாட்டு வீரரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும்போது பெரும்பாலும் இந்தக் கேள்வி வருவதில்லை. வீரர் விடியற்காலையில் பயிற்சிக்குப் போகிறார், வெளிநாட்டுக்குப் போகிறார், பதக்கத்தோடு திரும்புகிறார். இடையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்குக் கூட்டிப் போனது யார்? கறி புளி வாங்கியது யார்? உலகப் புகழ் பெற்ற எந்த வீரருக்கும் பின்னால் அடுப்பெரித்த ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டின் உழைப்புக்குக் கின்னஸ் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

சில வேளைகளில் அந்த வீடு செலுத்தும் விலை மிகப் பெரியது. 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியின்போது ஆனந்தன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. குளிர்ந்த அந்நிய கடலில் முடிந்த அந்த முயற்சியை நாம் வீரம் என்று போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் மறுநாள் காலையிலிருந்து அந்தக் குடும்பம் வாழ வேண்டியிருந்தது. அவருடைய மகன் ராஜன் ஆனந்தன் பிற்காலத்தில் கூகிள் நிறுவனத்தின் இந்தியப் பிரிவுக்குத் தலைவராகும் அளவுக்கு உயர்ந்தார். தகப்பன் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளையை ஆளாக்குவது எத்தனை வருட நீச்சல் என்பது இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லாமலே தெரியும்.

"பொம்பிளையள் ஒருத்தரும் நீந்தேல்லையோ?" என்று இளம் பெண்ணொருத்தி கேட்டாள். நீந்தியிருக்கிறார்கள். ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் நீந்திக் கடந்த பெண் அமெரிக்காவைச் சேர்ந்த கேர்ட்ரூட் எடெர்லி. ஆண்டு 1926. அவருக்கு முன் ஐந்து ஆண்கள் அதைக் கடந்திருந்தார்கள். அந்த ஐவரையும் விடக் குறைந்த நேரத்தில் அவர் கடந்தார்.

ஆசியாவிலிருந்து முதலில் கடந்த பெண் கல்கத்தாவைச் சேர்ந்த ஆரதி சாகா. இவருடைய கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் தாயை இழந்தவர், பேத்தியாரிடம் வளர்ந்தவர். 1952இல் பன்னிரண்டு வயது நிரம்புவதற்கு முன்பே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீந்தியவர். 1959 ஓகஸ்ட் 27ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். அன்று அவருக்கு வழிகாட்ட வேண்டிய படகு நேரத்துக்கு வரவில்லை. 40 நிமிடம் பிந்திப் புறப்பட வேண்டியதாயிற்று. கடல் நீரோட்டத்தில் 40 நிமிடம் என்பது சின்ன விடயமில்லை. நெடுநேரம் நீந்தி, இங்கிலாந்துக் கரைக்குச் சில மைல்களே இருந்த இடத்தில் எதிர் நீரோட்டம் மறித்தது. மணிக்கணக்காகப் போராடியும் முன்னேற முடியவில்லை. படகோட்டியின் வற்புறுத்தலினால் அவரை நீரிலிருந்து ஏற்றினார்கள்.

ஒரு மாதம் கழித்து, செப்டெம்பர் 29ஆம் திகதி, மீண்டும் இறங்கினார். 16 மணித்தியாலம் 20 நிமிடத்தில் இங்கிலாந்துக் கரையைத் தொட்டார். அப்போது வயது 19. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிறகு, தம்முடைய பயணத்துக்குப் பொறுப்பாக இருந்த வைத்தியரையே திருமணம் செய்தார், ஒரு மகளுக்குத் தாயானார், ரயில்வேயில் வேலை பார்த்தார்.

முதல் முறை தோற்றபோது ஆரதியின் உடம்பில் பலம் குறைந்திருக்கவில்லை. அதே உடம்புதான் ஒரு மாதத்தில் வென்றது. முதல் முறை படகு பிந்தியது.

எமது கடலையும் பெண்கள் கடந்திருக்கிறார்கள். வங்காளத்தைச் சேர்ந்த புலா சௌத்ரி ஒன்பது வயதிலேயே தேசியப் போட்டியில் ஆறு தங்கப் பதக்கங்கள் வென்றவர். 1989இலும் 1999இலும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 2004இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 14 மணித்தியாலத்தில் நீந்தினார். கிரேக்கம், நியூசிலாந்து, கலிபோர்னியா, தென்னாபிரிக்கா என்று நாடு நாடாகப் போய்க் கடல் கடந்தார். அவருடைய கணவரும் நீச்சல் வீரரே. ஒரு மகன் இருக்கிறார். 2021 மார்ச்சில் ஹைதராபாத்தைச் சேர்ந்த சியாமளா கோலி அதே தலைமன்னார்ப் பாதையை 13 மணித்தியாலம் 43 நிமிடத்தில் கடந்தார். இவர் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நீச்சல் பழகியவர். இதைச் சொன்னதும் முன்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவர்கள் எப்படி நீந்துகிறார்கள் என்று விளக்கினேன். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பொதுவாக இருட்டோடு இறங்குவார்கள். நீந்துகிறவரின் பக்கத்தில் ஒரு வள்ளம் வந்துகொண்டேயிருக்கும். அதைப் பிடிக்கக் கூடாது, தொடவும் கூடாது. ஆனால் ஏறக்குறைய அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதிலிருந்து இளஞ்சூடான இனிப்புப் பானமோ பழமோ கயிற்றில் கட்டி இறக்குவார்கள். நீந்துகிறவர் நீரில் மிதந்தபடியே அதைக் குடிப்பார். உப்புநீர் பட்டு நாக்குத் தடித்திருக்கும். சொறிமுட்டை தடவி மேலெல்லாம் எரியும். தோள் மூட்டு வலிக்கும். வள்ளத்தில் இருப்பவர்கள் அவர் கை வீசும் வேகத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். வேகம் குறைந்தாலோ, கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் மறுமொழி சொன்னாலோ, உடம்பு குளிர்ந்து மூளை மந்தமாகிறது என்று அறிந்துகொள்வார்கள். போதும் என்று நிறுத்தும் அதிகாரம் வள்ளத்தில் உள்ளவர்களுக்கு உண்டு.

ஆங்கிலக் கால்வாயில் இறங்க விரும்புகிறவர் அதற்கு முன்பே ஆறு மணித்தியாலம் குளிர்நீரில் நீந்திக் காட்ட வேண்டும். வைத்தியரின் அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். இவையெல்லாம் இருந்தால்தான் விடுவார்கள்.

அப்போதுதான், ஒற்றைக் காலுக்குச் சிரித்த அதே அம்மா கேட்டார்:

"முழுக்கப் பக்கத்திலை வள்ளம் போகுமோ பிள்ளை?"

"ஓம் அம்மா. கடைசி வரைக்கும் போகும்."

"சாப்பாடும் குடுப்பினமோ?"

"ஓம்."

"ஏலாட்டி ஏத்துவினமோ?"

"ஓம் அம்மா, ஏத்துவினம்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நானும் நீந்துவன்" என்றார்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது துன்பத்திலிருந்து மீண்டெழும் ஆற்றலைப் பற்றி நிறைய வாசித்தேன். வேலைக்கு வந்த பிறகு செயலமர்வுகளில் அதே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எமது பெண்கள் மிகவும் தாங்கும் சக்தி உள்ளவர்கள் என்று வெளியிலிருந்து வருபவர்கள் வியந்து பேசுவார்கள். அதில் பொய் இல்லை. கணவனை இழந்தும், பிள்ளையைத் தொலைத்தும், வீட்டை இழந்தும், மூன்று நான்கு தடவை இடம்பெயர்ந்தும் அடுப்பை மூட்டிய பெண்கள் இவர்கள். ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. "அவள் தாங்குவாள்" என்று சொல்லிவிட்டால், அவளுக்கு யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. அண்ணன் தம்பியும் அப்படியே நினைக்கிறார்கள், அலுவலகங்களும் அப்படியே நினைக்கின்றன. நாளடைவில் அவளும் அப்படியே நம்பிவிடுகிறாள்.

தாங்குவதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பாருங்கள். அவர்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள். நேரத்துக்குத் தூங்குகிறார்கள், ஓய்வு நாளையும் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கணக்கிடுகிறார்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் கடலில் இறங்குவதில்லை. எமது பெண்கள் உணவும் ஓய்வும் வள்ளமும் இல்லாமல் நீந்துகிறார்கள். அதைத்தான் நாம் பொறுமை என்று பெயர் வைத்துப் புகழ்கிறோம்.

நான் அறிந்த ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கணவர் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற் போனவர். விடிய நாலு மணிக்கு எழும்பி, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு நண்டு கழற்றப் போவார். வந்து படுக்கையில் இருக்கும் மாமியாரைக் குளிப்பாட்டுவார். பின்னேரம் தையல். கிழமைக்கு ஒருமுறை நுண்கடன் கட்ட வேண்டும். காலையில் வெறும் தேத்தண்ணி, மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சினால் சோறு. ஒரு நாள் படகுக்காக இறங்குதுறையில் நின்றபோது மயங்கி விழுந்துவிட்டார். இரத்தம் மிகவும் குறைந்துபோயிருந்தது. பல மாதங்களாக மாதவிலக்கும் ஒழுங்கில்லை. யாரிடமும் சொல்லவில்லை. "சொல்லி என்ன மிஸ், ஆர் வந்து என்ரை வேலையைச் செய்யப் போயினம்?" என்றார்.

உடம்பு செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை விளையாட்டு வைத்தியர்கள் நன்கு ஆராய்ந்திருக்கிறார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவே இதற்கு ஒரு பெயரிட்டு, பயிற்சியாளர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. மாதவிலக்குக் குழம்பும் அல்லது நின்றுபோகும். எலும்பு பலவீனமாகும். அடிக்கடி நோய் பிடிக்கும். மனம் சோர்ந்து போகும். ஓட்டக்காரிக்கு இது வந்தால் அவளை ஓட விடாமல் நிறுத்திச் சாப்பாட்டைக் கூட்டுகிறார்கள். வெறும் வயிற்றோடு நாள் முழுதும் உழைக்கும் பெண்ணின் உடம்பும் அதே உடம்புதான். ஆகவே சகோதரிகளே, மாதவிலக்கு மாதக்கணக்கில் குழம்பினால், படியேற மூச்சு வாங்கினால், தலை சுற்றினால், அதை வயதென்றும் கவலையென்றும் விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசியாகச் சாப்பிடும் வழக்கத்தை இன்றைக்கே மாற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை உண்ணாத நீச்சல்காரி கரை சேர மாட்டாள்.

தாய்மாரான வீராங்கனைகளுக்கு இன்னொரு பாரமும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜாஸ்மின் பாரிஸ் ஒரு மிருக வைத்தியர், மலைப்பாதைகளில் நெடுந்தூரம் ஓடுபவர். 2019 ஜனவரியில், கடும் பனிக்காலத்தில், 268 மைல் தூரத்தை 83 மணித்தியாலத்தில் ஓடி, ஆண்களையும் முந்தி முதலாவதாக வந்தார். அப்போது அவருடைய மகளுக்கு 14 மாதம். பால்குடி மறக்காத பிள்ளை. வழியில் தரித்த இடங்களில் தாய்ப்பாலைக் கறந்துவிட்டு மீண்டும் ஓடினார். பிள்ளையும் வேலையும் இருந்ததால் விடிவதற்கு முன் எழுந்தே பயிற்சி செய்தார். 2024இல், இரண்டு பிள்ளைகளின் தாயாக, அமெரிக்காவில் 60 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டிய மிகக் கடினமான ஓட்டத்தை, நேரம் முடிய 99 விநாடிகள் இருக்கும்போது முடித்தார். அந்த ஓட்டத்தை முடித்த முதல் பெண் அவரே.

இப்படி ஓடும் பெண்ணிடம், "பிள்ளையை விட்டிட்டு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்பார்கள். ஓடும் தகப்பனிடம் யாரும் கேட்பதில்லை. இது வெளிநாட்டில் மட்டும் உள்ள வழக்கமா? மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாயைப் பற்றி எமது ஊரில் எப்படிப் பேசுகிறார்கள்? அதே நாட்டுக்குப் போன தகப்பனைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? தொழிலுக்காகப் பயணம் செய்யும் பெண் எங்கு போனாலும் இந்தக் கேள்வியையும் சேர்த்தே காவிக்கொண்டு போகிறாள்.

எனக்கும் இது புதிதில்லை. குறிகட்டுவானில் முதல் படகைப் பிடிக்க வேண்டிய நாட்களில் இருட்டோடு வீட்டை விட்டுப் புறப்படுவேன். என் மகன் அப்போது நித்திரையாக இருப்பான். காற்றுக் காலத்தில் படகு ஓடாவிட்டால் அன்று தீவிலேயே தங்கிவிட வேண்டும். "பிள்ளையை ஆர் பாக்கினம்?" என்று அயலில் கேட்பார்கள். என்னுடைய அம்மா பார்க்கிறார். கணவரும் சமைக்கப் பழகியிருக்கிறார். நான் தீவில் ஒரு பெண்ணின் காணிப் பத்திரத்துக்காக அலையும் அந்த நேரத்தில், என் அம்மா என் மகனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் வந்தபோது எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு கேள்வி எழுந்தது: அம்மாவுக்கு யார் வள்ளம்? அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அடுப்படிக்கு வருவதில்லை. சின்ன மாற்றம்தான். அதை நாங்கள் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீச்சல்காரி தன் கடலைத் தானே தெரிவு செய்கிறாள். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று அவளுக்குத் தெரியும். யுத்தத்தில் அகப்பட்ட பெண்கள் தங்கள் கடலைத் தெரிவு செய்யவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வடக்குக் கிழக்கெங்கும் தெருவோரத்தில் படங்களை ஏந்தி இருந்த தாய்மாருக்குக் கரை எந்தப் பக்கம் என்று இன்னும் யாரும் காட்டவில்லை. ஆகவே, வீராங்கனைகளைப் பார்த்து உறுதி கொள்ளுங்கள் என்று நான் எவருக்கும் சொல்ல வரவில்லை. உங்களிடம் உறுதிக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது வள்ளம். அதைக் கேட்பது பலவீனம் ஆகாது.

2019 செப்டெம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த சாரா தோமஸ் ஆங்கிலக் கால்வாயை இடையில் நிறுத்தாமல் நான்கு தடவை கடந்தார். 54 மணித்தியாலம் நீரில் இருந்தார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இவ்வளவு செய்த அவரும் தனியாகச் செய்யவில்லை. கூட வந்தவர்கள் இரவும் பகலும் முறை வைத்து விழித்திருந்தார்கள்.

அன்றைய கூட்டத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. பெண்களே யோசித்துச் செய்ததுதான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "வள்ள முறை". ஒரு பெண் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்கோ கச்சேரிக்கோ போக வேண்டுமென்றால், அது ஒரு முழு நாள் வேலை. காலைப் படகு, பிறகு குறிகட்டுவானிலிருந்து பஸ், வரிசை, மீண்டும் பஸ், மீண்டும் படகு. பின்னேரப் படகு தவறினால் அன்று வீடு திரும்ப முடியாது. இந்தப் பயத்திலேயே பலர் கிளினிக் போவதை விட்டுவிட்டிருந்தார்கள். இப்போது போகிறவரின் வீட்டை அன்று இன்னொருவர் பார்ப்பார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு, படுக்கையில் இருப்பவருக்குத் தண்ணீர், ஆட்டுக்குக் குழை, எல்லாம் அவர் பொறுப்பு. அடுத்த முறை இவர் அவர் வீட்டைப் பார்ப்பார். காசு பணம் இல்லை. ஒரு கொப்பியில் திகதியும் பெயரும் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

இறங்குதுறையில் மயங்கி விழுந்த அந்தச் சகோதரி இப்போது மாதா மாதம் கிளினிக்குக்குப் போகிறார். கடன் இன்னும் தீரவில்லை. கணவரைப் பற்றிய தகவலும் இல்லை. ஆனால் இரத்தம் ஏறியிருக்கிறது. மத்தியானச் சோற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து உண்கிறார்.

இரண்டு விடயங்களை உங்கள் ஊரிலும் பேசிப் பாருங்கள். ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது. நாளுக்கு நாள் படகேறிப் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகும் பிள்ளைகள் இவர்கள். சாதனைக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக இது தேவை. பெரியபிள்ளை ஆன பிள்ளைக்கும் உடம்பை மூடிய உடுப்போடு, பெண்களே பக்கத்தில் நின்று பழக்கலாம். நாற்பது வயதுக்குப் பிறகு பழகிய ஒருவர் எமது கடலையே நீந்திக் கடந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, உங்கள் குழு அடுத்த முறை கூடும்போது கணக்குப் புத்தகத்தை மூடிய பிறகு ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த மாதம் எங்களில் யார் வள்ளம் இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கிறார்? பெயர் தெரிந்துவிட்டால், அவருடைய வீட்டுக்கு முதலில் யார் போவது என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.